மூக்குத்திக்குச் சேணம் பொருந்தவில்லை

பிப்ரவரி 9

மழை ஒருவழியாக விட்டது. சேண அறையைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்ததில் தோல் எல்லாம் பூசணம் பிடித்து, அறை முழுக்க நனைந்த செருப்பு வாடை. துடைத்து, எண்ணெய் தடவி, நிழலில் வரிசையாகக் காயவைத்தேன். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். கொழுந்தனுக்கு இதை வருஷா வருஷம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வருஷம் மலைத்தடத்துக்குப் போக மூன்று இளங்குதிரைகள். மூக்குத்தி, வம்பன், சாமியார். மூக்கோரத்தில் வெள்ளைப் புள்ளியோடு பிறந்ததால் அவள் மூக்குத்தி. வம்பனுக்கு விளக்கம் வேண்டாம். சாமியார் எப்போதும் அரைக்கண் மூடி நிற்பான். பக்தியால் இல்லை, சோம்பலால். மலையேற்ற விடுதிக்காரர் ஒருவருக்கு மூன்றையும் கொடுப்பதாகக் கொழுந்தன் பேசி வைத்திருக்கிறான். அடுத்த மழைக்குள் ஓடை, பாறை, சரிவு எல்லாம் பழகி, யார் ஏறினாலும் மிரளாமல் போக வேண்டும். பழக்கப்போவது வழக்கம்போல என் வீட்டுக்காரர்தான்.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. குதிரை விஷயத்தில் அவர் சொல், சேண விஷயத்தில் என் சொல். கல்யாணமான புதிதில் வந்தது. என் கை சேணத்துக்கு அடியில் போய், நான் "சரி" என்ற பிறகுதான் குதிரை வாசலைத் தாண்டும். மற்ற எல்லாவற்றிலும் நான் சொல்வதைக் காற்றில் விடுகிற மனிதர், இதில் மட்டும் ஒரு தடவைகூட என்னை மீறியதில்லை.

சாயங்காலம் ஒன்று நடந்தது. குழாயடியில் வாளி வைத்துக்கொண்டு நின்றார். வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் அவர் காலை நனைத்துக்கொண்டு முற்றம் வரை ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். விரல் மட்டும் சட்டைப் பொத்தானை நிமிண்டிக்கொண்டிருந்தது. பிறகு குழாயை மூடிவிட்டு, "என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்றுமில்லையா?

பிப்ரவரி 10

களைப்பாக இருக்கும். மழை முழுக்க லாயத்துக் கூரையோடு மல்லுக்கட்டிய மனிதர்.

பிப்ரவரி 17

களைப்பு இல்லை.

சாப்பிடும்போது சாமியாரின் பின்னங்கால் குளம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் நின்றார். கண் திறந்திருக்கிறது, என்னைப் பார்ப்பது போலவும் இருக்கிறது, ஆள் இல்லை. உதடு ருசி பார்ப்பது மாதிரி அசைந்தது. மறுபடி அந்தப் பொத்தான். திரும்பி வந்தபோது குளம்பை விட்டுவிட்டு வேலிக் கம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நடுவில் காணாமல் போனது அவருக்கே தெரியவில்லை.

போன வருஷம் தடத்தில் ஒரு மரக்கிளை தலையில் அடித்தது. சில நாள் தலைவலி என்றார். பிறகு அவரும் மறந்தார், நானும் மறந்தேன். அதுவாக இருக்குமோ?

கொழுந்தனிடம் சொன்னேன். "அண்ணன் சின்ன வயசுலேருந்தே யோசனைக்காரர், அண்ணி. கூப்பிட்டா திரும்பவே மாட்டார்" என்று சிரித்தான். அவனிடம் சொன்னதும் ஒன்று, அந்தச் சாமியாரிடம் சொல்லியிருந்தாலும் ஒன்று.

பிப்ரவரி 20

அவரிடமே சொல்லிவிட்டேன். எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாக. கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். யோசித்துப் பார்த்தார். பிறகு, "எப்போ? எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கே" என்றார். உண்மையாகத்தான் சொல்கிறார். அவர் இல்லாத நேரத்தில் அவர் இல்லை. அதற்கு அவர் எப்படிச் சாட்சி சொல்வார்? நான் ஒருத்திதான் சாட்சி. பெண்டாட்டி சாட்சி எந்தக் கோர்ட்டில் எடுபடும்?

பிப்ரவரி 26

என் முழங்கால் வலி என்று சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போனேன். உள்ளே போனதும் முழங்காலை விட்டுவிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்தேன். டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். தலைக்குள் சின்ன மின்வெட்டு மாதிரி, வலிப்பில் இப்படியும் ஒரு வகை உண்டு, பரிசோதனை செய்துதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏப்ரல் கடைசியில்தான் இடம் கிடைத்திருக்கிறது. அதுவரை ஏணி, வண்டி, குதிரை மூன்றும் வேண்டாம் என்றார்.

டாக்டர் முன்னால் இவர் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பாதி வழியில் சொல்கிறார்: "வண்டிக்கு மூளை கிடையாது, அதனால நீ ஓட்டு. குதிரைக்கு மூளை இருக்கு. ஒரு நிமிஷம் நான் கண்ணை மூடினாலும் அது பார்த்துக்கும்."

வயசான குதிரை பார்த்துக்கொள்ளும். இதுகள் குழந்தைகள். பையொன்று பறந்தாலே பள்ளத்தில் பாய்கிற ஜாதி. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிறவரையாவது கரையில் நின்று கத்தித் தடுக்கலாம். நிஜக் குதிரையை நம்புகிறவரை என்ன செய்ய?

மார்ச் 2

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

காலையில் மூக்குத்தியைக் கட்டி வைத்துவிட்டு, முதல் தடவை தடத்துக்குக் கூட்டிப்போகிறேன், சேணம் பார்த்துச் சொல் என்றார். இருக்கிற நாலில் சின்னச் சேணத்தை எடுத்துப் போட்டேன். எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். விரித்த உள்ளங்கையைத் தோள்மேட்டுக்கு அருகே சேணத்துக்கு அடியில் விட்டு மெதுவாகக் கீழே இறக்கினேன். இறுக்கமான இடத்தில் விரல் நசுங்கும். தொங்கலான இடத்தில் காற்று தெரியும். இரண்டும் இல்லை. வெண்ணெயில் போகிற மாதிரி கை போனது. இப்படிப் பொருந்தி நான் பார்த்தே பல வருஷம் ஆகிறது.

"ஆகாது. தோள்ல இடிக்குது" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. கழற்றிவிட்டார். "அப்போ இன்னைக்கு வேண்டாம்" என்று மூக்குத்தியைத் தட்டிக்கொடுத்து வேலி வட்டத்துக்குள் கயிற்றில் நடத்தப் போய்விட்டார்.

அறைக்குள் வந்து உட்கார்ந்தேன். அந்தக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 6

சாமியாருக்கும் ஆகாது என்றேன். வம்பனுக்கும் ஆகாது என்றேன். ஒன்றுக்கு முதுகு அகலம், ஒன்றுக்கு இடுப்புப் பக்கம் தூக்குகிறது, இன்னும் வளர்கிற பிள்ளைகள், மாதத்துக்கு மாதம் முதுகு மாறும் என்று அளந்தேன். எல்லாம் பொதுவாக உண்மையான விஷயங்கள்தான். அதனால்தான் பொய் இவ்வளவு நன்றாக உட்கார்ந்தது.

கொழுந்தன் குதித்தான். சேணத்தை வைத்துக்கொண்டு சேணம் இல்லை என்றால் ஊர் சிரிக்காதா, விடுதிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்றான். அவர்தான் அவனை அடக்கினார்.

"அவ கை சொன்னா சொன்னதுதான்டா. நீ உன் வேலையைப் பாரு."

இந்த வார்த்தைக்குப் பதில் கன்னத்தில் நாலு போட்டிருக்கலாம்.

மார்ச் 8

லாயத்தில் மறுபடி. சீப்பும் கையுமாக மூக்குத்தி பக்கத்தில் நின்றபடி போய்விட்டார். அவள் அசையவில்லை. காதை மட்டும் அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பி வந்து மறுபடி சீவ ஆரம்பித்த பிறகுதான் வாலை ஆட்டினாள்.

ஆக, எங்கள் வீட்டில் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு வாய் இல்லை. இன்னொருத்திக்கு இருந்தும் பிரயோஜனமில்லை.

மார்ச் 11

சேணக்காரரை வரச் சொல்லியிருக்கிறாராம். சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். "பாவம், நீயும் எத்தனை நாள் இருக்கிற நாலையே மாத்தி மாத்திப் போட்டுப் பார்ப்ப. அவர் வந்து மூணுக்கும் அளவெடுக்கட்டும்."

எனக்காகச் செய்கிறார். நல்ல மனசோடு செய்கிறார். அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

மார்ச் 13

வந்தார். சேணக்காரர் காலில் விழுந்து கேட்டிருக்கலாம், தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். வாசலிலேயே இவர் எதிர்கொண்டு அழைத்துப் போய்விட்டார்.

வளைகம்பியை மூக்குத்தியின் முதுகில் அழுத்தி வடிவம் எடுத்தார். பிறகு சின்னச் சேணத்தைக் கேட்டார். நானே எடுத்துக் கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்ய? போட்டார், கையை விட்டார், முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். பெரிய மனிதர், நல்லதாக நினைத்துச் சொன்னார்:

"தச்சு வச்ச மாதிரி உக்காருதேம்மா. இதுக்கு எதுக்கு வேற சேணம்?"

சாமியாருக்கும் ஒன்று சரியாக இருந்தது. வம்பனுக்குப் பெரிய சேணம் இப்போதைக்குப் போதும், அவன் தோள் இன்னும் விரியும், அடிக்கடி பாருங்கள் என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "நீங்க பார்த்துக்குவீங்க, உங்களுக்குத் தெரியாததா."

இவர் என்னைத் திட்டவில்லை. சேணக்காரரை வழியனுப்பிவிட்டு வந்து, தோல் துடைக்கிற பெஞ்சில் என் எதிரில் உட்கார்ந்தார். விரலைப் பார்த்தேன். பொத்தானில் இல்லை. முழுசாக இருந்தார்.

"வேற எதுல வேணும்னாலும் பொய் சொல்லியிருக்கலாம். இதுல சொல்லுவேன்னு நினைக்கல."

நான் உங்களைக் காப்பாத்தத்தானே சொன்னேன் என்று ஆரம்பித்தேன். எழுந்து போய்விட்டார்.

மார்ச் 14

கேட்கவில்லை. அவரே சேணம் போட்டார், அவரே வயிற்றுவாரை இறுக்கினார், போனார். மூக்குத்தி வாசலைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

மதியம் வந்தார்கள். நன்றாகப் போகிறாள் என்று கொழுந்தனிடம் சொன்னார்.

மார்ச் 23

தினமும் போகிறார். ஒருநாள் மூக்குத்தி, ஒருநாள் சாமியார், ஒருநாள் வம்பன். ஓடை வரை, பிறகு ஓடையைத் தாண்டி, இப்போது பாறைச் சரிவு வரை. அந்தச் சரிவில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் வெறும் காற்று. அங்கே அவருக்கு மின்வெட்டு வந்தால்? கொழுந்தனைக் கூடப் போகச் சொன்னேன். ரெண்டு நாள் போனான், மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. அவன் குதிரையில் உட்கார்ந்தால் மூட்டை ஏற்றின மாதிரிதான், குதிரையையும் குறை சொல்ல முடியாது.

காத்திருப்பதற்குக் கைவேலை வேண்டும். துடைத்த வாரையே துடைக்கிறேன், எண்ணெய் போட்டதற்கே எண்ணெய் போடுகிறேன். என் பயத்தில் இந்தப் பண்ணையின் தோல் சாமான் எல்லாம் பளபளவென்று இருக்கிறது.

மார்ச் 24

குளம்புச் சத்தம் கேட்கும்வரை ஒரு பெண். கேட்ட பிறகு வேறொரு பெண். இரண்டு பேருக்கும் நான்தான் சோறு போட வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 3

மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாகப் பையை எறிந்துவிட்டு லாயத்துக்கு ஓடினாள். அப்பனும் மகளும் ஒரே வார்ப்பு. அவருக்கு முகமே மாறிவிட்டது. "குட்டி, நீ வம்பனை எடுத்துக்கோ, நான் மூக்குத்தியில வர்றேன்" என்கிறார். எத்தனை நாளாக இந்தக் குரல் கேட்டு.

அவளிடம் எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். அவள் முன்னால் அவருக்கு ஒன்றும் வரவில்லை, அதுதான் என் தலையெழுத்து. விருந்தாளி வந்தால் நல்ல பிள்ளையாகிவிடுகிற குழந்தை மாதிரி இந்த வியாதி. "அம்மா, நான் கூடவே போறேன். ஏதாவது ஆனா நான் பார்த்துக்க மாட்டேனா?" என்றாள். நிம்மதியாகத்தான் இருந்தது. வெட்கமில்லாமல் நிம்மதிப்பட்டேன்.

ஏப்ரல் 8

வம்பன் வந்ததும் விரிப்பை எடுத்துப் பார்த்தேன். முதுகு முழுக்க வியர்த்து நனைந்திருக்க, இரண்டு தோளிலும் கை அகலத்துக்கு உலர்ந்த திட்டு. அழுத்தம் அதிகமான இடத்தில் வியர்வை வராது. கையை வைத்தேன், தோலைச் சுருக்கிக்கொண்டான். சேணத்தைத் திரும்பப் போட்டு விரலை விட்டேன், நசுங்கியது. இந்த ஒரு மாதத்தில் பயல் தோள் விரிந்துவிட்டான். சேணக்காரர் சொன்னது போலவே.

அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பெரிய சேணம் வம்பனுக்கு இனி ஆகாது, இடிக்கிறது என்று. சொல்லும்போதே தெரிந்தது. அதே வார்த்தை. அச்சு அசல் அதே வார்த்தை.

என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, சலிப்புதான். "போன மாசமும் இதையேதான் சொன்ன."

இல்லங்க, இது நிஜம், வியர்வையைப் பாருங்க என்று கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் கொழுந்தன் குழாயைப் பிடித்து வம்பனைக் கழுவிவிட்டிருந்தான். முதுகு முழுக்க ஒரே ஈரம். மகள் என் தோளில் கை போட்டாள். "அம்மா, சேணக்காரரே பார்த்து சரின்னுட்டுப் போயிருக்கார். நீ பயப்படுற, எனக்குப் புரியுது."

உனக்கு ஒன்றும் புரியவில்லை. புலி வருது புலி வருது என்று கத்தினவள் இப்போது நிஜப் புலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஏப்ரல் 9

காலையில் லகானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றேன். இன்னைக்கு ஒருநாள் வம்பனை விட்டுடு, சாமியாரை எடுத்துக்கோ, உன் காலைப் பிடிக்கிறேன் என்றேன். மகள் குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். மெதுவாக, வலிக்காமல். "மதியம் வந்து உன்கூட உக்காந்து சாப்பிடுறேன்மா" என்றாள்.

போயிருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன செய்யட்டும்?

ஏப்ரல் 10

ஆஸ்பத்திரி. மகளுக்குக் காறை எலும்பு முறிந்திருக்கிறது. தலையில் அடி இல்லை. தூங்குகிறாள். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

பாறைச் சரிவில் இறங்கும்போது சேணம் முன்னால் சரிந்து வம்பன் தோளில் குத்தியிருக்கிறது. பாவம் அவனும் எவ்வளவு தூரம் பொறுப்பான். குனிந்து ஒரே உதறு. மகள் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விழுந்தாள். பள்ளத்துப் பக்கம் விழாமல் மலைப் பக்கம் விழுந்தாளே, அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்தது என்பார்கள். தள்ளியது வம்பன். குழி பறித்தவள் நான். ஒரு மாசத்துக்கு முன்னாடியே பறிச்சு வச்சுட்டேன். என் வாயை வச்சு நானே பறிச்சேன். அன்னைக்கு அந்தப் பொய் சொல்லலைன்னா நேத்து நான் சொன்னதைக் கேட்டிருப்பாங்க. கேட்டிருப்பாங்களா இல்லையா?

அவர் வராந்தாவில் நிற்கிறார். எப்படி விழுந்தாள் என்று கேட்டால், "நான் முன்னால போயிட்டிருந்தேன், திரும்பிப் பார்த்தா கீழ உக்காந்திருக்கா" என்கிறார். மகள் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

ஏப்ரல் 12

வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்று சாப்பாட்டு மேஜையில் மகள் சொன்னாள். ஒரு கை கட்டுப் போட்டுத் தொங்க, இன்னொரு கையால் தண்ணீர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவர் முன்னால் போகவில்லை. பக்கத்தில்தான் இருந்தார்.

"நான் கீழ கிடந்து அப்பா அப்பான்னு கூப்பிட்டேன். நீங்க மூக்குத்தி மேல உக்காந்து என்னையே பார்த்துட்டிருந்தீங்க. இறங்கல. சட்டைப் பொத்தானைப் பிடிச்சு நிமிண்டிட்டிருந்தீங்க. அப்புறம், ஏன் கீழ உக்காந்திருக்கன்னு கேட்டீங்கப்பா."

மூக்குத்தி கல்லாக நின்றாளாம். அவர் திரும்பி வரும்வரை ஒரு அடி எடுத்து வைக்கவில்லையாம். அந்த இடத்தில், அந்தப் பள்ளத்து ஓரத்தில். குதிரை பார்த்துக்கொள்ளும் என்றாரே, அவரை அது பார்த்துக்கொண்டது. மகளைப் பார்த்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

அவர் மறுத்துப் பேசவில்லை. நான் சொன்னபோதெல்லாம் யோசித்துப் பார்த்த மனிதர் இன்று யோசிக்கவே இல்லை. "எவ்வளவு நேரம் கூப்பிட்ட?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலப்பா. ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு."

தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். மகள் அழுதாள். நான் அவளைப் பிடிப்பதா, அவர் பின்னால் போவதா என்று நடுவில் நின்றேன். எதுவும் செய்யவில்லை.

ஏப்ரல் 13

லாயத்தில் போய்ப் பேசினேன். நான்தான் காரணம், நான் முதலில் பொய் சொன்னதால்தான் நீங்கள் நம்பவில்லை என்றேன். வம்பனின் தோளில் மருந்து தடவிக்கொண்டிருந்தார்.

"நீ சொன்ன. நான் கேக்கல. அவ்வளவுதான்."

அதுக்கு முன்னாடி என்று ஆரம்பித்தேன். "அதுவும் தெரியும்" என்றார். மருந்துக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, எந்த இடம் என்று காட்டச் சொன்னார். காட்டினேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று தடவினோம். நடுவில் குதிரை நின்றது.

ஏப்ரல் 28

பரிசோதனை முடிந்தது. டாக்டர் சொன்னதேதான். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குதிரை ஏறுவதைப் பற்றி அவரே கேட்டார், நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷம் எதுவும் வராமல் இருந்தால் பிறகு யோசிக்கலாம் என்றார்கள். சரி என்றார். இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை.

மே 6

மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கிறது. பகலில் ஏறுபடியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். குதிரை ஏறுவதற்காக அவரே செய்து போட்ட மரப்படி. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, மிதித்துத்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் தடத்துக்குப் போகக் கூடாது என்று எத்தனை வேண்டியிருப்பேன். போகவில்லை. இதையா வேண்டினேன்?

மே 7

மூக்குத்தி காலையில் வாசல் பக்கம் பார்த்துக் கனைக்கிறாள். அவர் உள்ளே எழுந்து போய்விடுகிறார்.

மே 19

மகள் கிளம்பிவிட்டாள். கட்டு அவிழ்த்தாகிவிட்டது. போகும்போது அப்பாவைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இனிமே கூப்பிட்டா வந்துடுவேன்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வம்பனுக்குப் புதுச் சேணம் வரும்வரை ஓய்வு. சாமியாரைக் கொழுந்தன் எப்படியோ ஒப்பேற்றுகிறான். இரண்டு சோம்பேறிகளுக்கும் ஒத்துப்போய்விட்டது. மூக்குத்தி மேல்தான் ஏறுவார் இல்லை. வெறுமனே நின்றால் கற்றதெல்லாம் மறந்துபோவாள், விடுதிக்காரர் ஒன்றைத் தள்ளிவிட்டு இரண்டைத்தான் எடுப்பார் என்று கொழுந்தன் புலம்புகிறான். மூக்குத்தியை வேண்டாம் என்றால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் ஒரு குதிரை முற்றத்திலேயே கிடந்து கெட்டுப்போவதை அவர் தினமும் அந்தப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுதான் தாங்கவில்லை.

மே 24

நான் ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மகள் வயிற்றில் வந்தபோது இறங்கியவள். அதற்குப் பிறகு சேணத்தைத் தூக்கினேனே தவிர அதில் உட்காரவில்லை. கொழுந்தன் சிரிக்கக்கூட மறந்து நின்றான். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மே 28

வட்டத்துக்குள் நாலு நாளாக ஏறிப் பழகுகிறேன். தொடை எல்லாம் யாரோ அடித்துப் போட்ட மாதிரி. மூக்குத்தி என்னைப் பொறுத்துக்கொள்கிறாள்.

கால் வைக்கிற வளையங்கள் அவர் உயரத்துக்குத் தொங்குகின்றன. அந்த வாரில் அவருடைய துளைதான் தேய்ந்து அகன்றிருக்கிறது. எனக்கு எட்டுகிற இடத்தில் துளையே இல்லை. இன்று பார்த்தால் பெஞ்சில் உட்கார்ந்து துளைக்கருவியை வைத்து வாரில் அடித்துக்கொண்டிருக்கிறார். நான் கேட்கவில்லை, அவரே என் கால் நீளத்தைக் கண்ணால் அளந்திருக்கிறார். சரியாக இருந்தது.

மே 30

இன்று தடத்துக்கு. ஓடை வரைக்கும் மட்டும், அதற்கு மேல் போகப்போவதில்லை.

சின்னச் சேணத்தை நான்தான் எடுத்தேன், அவர் வாங்கி மூக்குத்தி மேல் வைத்தார். வயிற்றுவாரை அவரே இறுக்கினார். லகானைச் சரிபார்த்தார். கொழுந்தன் வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஏறுபடியில் ஏறி, ஒரு காலை வளையத்தில் வைத்தேன்.

"இரு" என்றார்.

கையை விரித்துச் சேணத்துக்கு அடியில் விட்டார். நான் விடுகிற அதே இடத்தில், தோள்மேட்டுக்குப் பக்கத்தில். மெதுவாகக் கீழே இறக்கினார். கை தடையில்லாமல் போவது எனக்குத் தெரிந்தது, நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அடிவரை போன கையை அவர் வெளியே எடுக்கவில்லை. நான் பயந்து இன்னொரு கையைப் பார்த்தேன். பொத்தானில் இல்லை. லகானை இறுக்கிப் பிடித்திருந்தது. முழுசாக என் முன்னால்தான் இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஆகாது. தோள்ல இடிக்குது" என்றார்.

நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. காலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வாசலை மூடச் சொல்லிக் கொழுந்தனுக்குக் கை காட்டிவிட்டு, வயிற்றுவாரை அவிழ்த்தேன். "அப்போ இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லி மூக்குத்தியைத் தட்டிக்கொடுத்தேன். அவர் சேணத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.